நீலகிரியில் குழந்தைகளிடம் ஆய்வு: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கூடலூரிலோ கோத்தகிரியிலோ குழந்தைகளை வைத்து ஆய்வு செய்ய வருபவர்களுக்கு அனுமதி கிடைப்பது பெரிய பாடாக இருக்காது. சிக்கலே அது சுலபமாகக் கிடைத்துவிடுவதுதான். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு) கங்காணி (மேற்பார்வையாளர்) தலையாட்டினால் நாற்பது தாய்மார் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவார்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் 'பசங்களை வரிசையா அனுப்பறோம், நீங்க ஆரம்பிங்க' என்பார்கள். ஊர் மூப்பன் 'எங்க பிள்ளைங்கதானே, பாத்துக்கோங்க' என்பார். குழந்தைக்காகப் பேச இங்கே ஆள் தாராளம். குழந்தையிடம் கேட்கத்தான் யாருக்கும் தோன்றாது. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கான ஏற்பாடுதான்.

முதலில், யார் குழந்தை? 18 வயது நிறையாத எவரும். 1875ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ, 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. கல்யாணமான பதினேழு வயதுப் பெண்ணும் ஆய்வுக்குக் குழந்தைதான். பலர் மறப்பது இன்னொன்று: கல்லூரி முதலாண்டு மாணவர்களில் பதினேழு வயதினர் இருப்பார்கள். 'கல்லூரி மாணவர்கள்தானே' என்று நேரடியாக ஒப்புதல் வாங்கிவிட்டால், பிறகு அந்தப் படிவங்கள் செல்லாது.

வயதைச் சரிபார்க்கப் பிறப்புச் சான்று கேளுங்கள். இல்லாத குடும்பங்கள் உண்டு. அங்கன்வாடிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவு என்று வரிசையாகப் பாருங்கள். ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ளாதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

படி 1: இந்தக் கேள்விக்குக் குழந்தைதான் வேண்டுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், 2017இல் இரண்டு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது: மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்குப் பொதுவாக ஒன்று, குழந்தைகளுக்கென்று தனியாக ஒன்று. பெரியவர்களிடம் கேட்டுப் பதில் பெற முடிகிற விஷயத்துக்குக் குழந்தைகளை இழுக்காதே என்பது அவற்றின் அடிப்படை. பழங்குடியினர் விஷயத்தில் இன்னும் கறார்: நோயறிதல், சிகிச்சை, தடுப்பு என்று அந்த மக்களுக்கே பயன் தரும் ஆய்வாக இருக்க வேண்டும்.

நீலகிரியில் இது வெறும் ஏட்டு விதி இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் குறிப்பாகப் பாதிப்புக்குள்ளாகக்கூடிய பழங்குடிகள் பட்டியலில் இருப்பவை. 1952இல் அரிவாள் செல் பண்பு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவாக்கும் பரம்பரைப் பண்பு) இம்மலைப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டதிலிருந்து ரத்தம் எடுக்க வந்தவர்கள் ஏராளம். எடுத்துப் போனவர்கள் முடிவைத் திருப்பிச் சொன்னார்களா என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். உங்கள் திட்டத்தை எங்கிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்று அந்தப் பதிலே சொல்லிவிடும்.

படி 2: நெறிமுறைக் குழு

உங்கள் நிறுவனத்தின் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் தராமல் ஒரு குழந்தையிடமும் பேசக் கூடாது. கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 5 பேர் வேண்டும். தலைவர் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மருத்துவ, உடல்நல ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கலைக் கல்லூரியில் கமிட்டியே இல்லையென்றால், வேறு நிறுவனத்தின் கமிட்டியை ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்த ஐசிஎம்ஆர் இடம் தருகிறது. 'வெறும் கேள்வித்தாள்தானே, கமிட்டி எதற்கு' என்ற வாதம் குழந்தைகள் விஷயத்தில் எடுபடாது. மருந்து, தடுப்பூசி, சிகிச்சைப் பரிசோதனை என்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் சேரும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான். பெற்றோர் படிவத்தில் 'உங்கள் குழந்தை' என்பதை 'நீ' என்று மாற்றி அதையே குழந்தைப் படிவமாக வைத்திருப்பது. 'முழு ரகசியம் காக்கப்படும்' என்று எழுதியிருப்பது (இது ஏன் பொய் என்பது படி 6இல்). மனம் கலங்கிப் பேசும் குழந்தையை யாரிடம் அனுப்புவீர்கள் என்பதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாதது. வகுப்பெடுப்பது போன்ற செந்தமிழ். 'தன்னார்வப் பங்கேற்பிலிருந்து விலகும் உரிமை' என்பது எட்டு வயதுக்காரனுக்கு என்ன புரியும்?

படி 3: வாசல்கள்

அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் பழங்குடியினர் நலத் துறை. அங்கன்வாடிக்குக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகம். குழந்தைகள் இல்லத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, கூடவே குழந்தைகள் நலக் குழு. பழங்குடிக் கிராமத்துக்குள் போகுமுன் ஆட்சியர் அல்லது பழங்குடியினர் நலத் துறையின் அனுமதி, முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர் என்றால் வனத்துறை அனுமதியும். எஸ்டேட்டுக்கு மேனேஜர். அதன்பிறகு ஊர்: படுகர் ஹட்டியில் ஊர்ப் பெரியவர்கள், பணியர், குறும்பர் ஊரில் மூப்பன்.

இவை எல்லாம் உள்ளே நுழைவதற்கான அனுமதி மட்டுமே. எதுவும் பெற்றோர் ஒப்புதலுக்கு ஈடாகாது. 2009-10இல், அப்போது ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தில், சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஆயிரக்கணக்கான படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த விடுதிப் பிள்ளைகளில் பலர் பழங்குடியினர். நம் மலையிலும் விடுதிகள் அப்படித்தான் இயங்குகின்றன: பெற்றோர் தொலைவில், காப்பாளர் பக்கத்தில், கையெழுத்து கைக்கெட்டும் தூரத்தில். விடுதிக் குழந்தை என்றால் ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்க்க வேண்டும். அல்லது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்கள் வரும் நாளில் பேச வேண்டும்.

நாள் குறிக்கும்போது பருவத்தைப் பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் மழையில் நனைந்து கிடக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவில் சாலை அடைபடலாம். டிசம்பர் முதல் காப்பி பறிப்பு. கோடையில் தேன் எடுக்கக் காட்டுநாயக்கர் குடும்பங்கள் காட்டுக்குள் போய்விடும். யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் அந்திக்கு முன் வேலையை முடித்துக் கிளம்புங்கள். எல்லா அனுமதிகளுக்கும் சேர்த்து நான்கு முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

படி 4: பெற்றோர் ஒப்புதல்

ஆபத்து மிகக் குறைவான ஆய்வுக்கும், குழந்தைக்கு நேரடிப் பயன் தரும் ஆய்வுக்கும் பெற்றோரில் ஒருவர் ஒப்புதல் போதும். அதற்கு மேற்பட்ட ஆபத்து உண்டு, நேரடிப் பயனும் இல்லை என்றால் இருவரும் வேண்டும்; ஒருவர் இறந்திருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது சட்டப்படி ஒருவருக்கே பொறுப்பு என்றால் மட்டும் விலக்கு. தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தைகள் இங்கே நிறைய. பாட்டி சோறு போடுவதாலேயே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். பெற்றோர் திருப்பூரில் வேலையில் இருந்தால் அவர்கள் ஊருக்கு வரும் நாள் வரை காத்திருங்கள், அல்லது அந்தக் குழந்தையைச் சேர்க்காதீர்கள்.

எஸ்டேட்டில் மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கும் இடத்திலோ இலை நிறுக்கும் இடத்திலோ ஒப்புதல் கேட்காதீர்கள். கங்காணி கண்முன் 'வேண்டாம்' என்று சொல்ல எந்தத் தாயாலும் முடியாது. ஞாயிறு காலை, சந்தைக்குக் கிளம்புமுன், வீட்டு வாசலில் பேசுங்கள். விவரத்தாளைப் படித்துக் காட்டி, அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய்க் கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது உங்கள் வசதிக்காக மட்டும்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத, எழுத்தறிந்த சாட்சி ஒருவர் முழுப் பேச்சும் நடக்கும்போது உடனிருந்து கையெழுத்திட வேண்டும். பெற்றோர் கைநாட்டு வைக்கலாம். சாட்சி எஸ்டேட் கிளார்க்காகவோ வகுப்பாசிரியராகவோ இருக்கக் கூடாது. மொழியையும் கவனியுங்கள். தோட மொழியும் கோத்தமும் படுகும் தனி மொழிகள். பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பேச்சும் வேறு. தமிழ்ப் படிவத்தை அந்த மொழி பேசும் ஒருவர் வாய்மொழியாகச் சொல்ல, அதை ஒலிப்பதிவு செய்து, முதலாமவரைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் தமிழுக்குத் திருப்பச் சொல்லுங்கள். 'ஆய்வு' என்ற சொல் 'சிகிச்சை' என்று திரும்பி வந்தால், முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: குழந்தையின் இசைவு

பெற்றோர் தருவது ஒப்புதல், குழந்தை தருவது இசைவு. ஐசிஎம்ஆர் கணக்கு இது: 7 வயதுக்குக் கீழ் பெற்றோர் ஒப்புதல் போதும், 7 முதல் 12 வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழி இசைவு, அதைப் பதிவு செய்ய வேண்டும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவு. பெற்றோர் சரி என்று சொல்லியும் குழந்தை மறுத்தால் மறுப்பே நிற்கும். வேறு வழியில் கிடைக்காத சிகிச்சை என்றால் மட்டுமே விதிவிலக்கு.

எட்டு வயதுக் குழந்தைக்கு எழுதும் இசைவு இந்த அளவில் இருந்தால் போதும்:

'என் பேரு ____. இந்த ஸ்கூல்ல இருக்கற பசங்க உடம்புல ரத்தம் போதுமான அளவு இருக்கான்னு பாக்க வந்திருக்கேன். உன் உயரம், எடை பாப்பேன். அப்புறம் விரல் நுனியில ஒரு சின்ன ஊசியால குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பேன். எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும், சீக்கிரம் போயிடும். உங்க அம்மா சரின்னு சொல்லியிருக்காங்க. ஆனா நீ வேண்டாம்னு சொல்லலாம். யாரும் திட்ட மாட்டாங்க, மார்க் குறையாது. நடுவுல பிடிக்கலைன்னாலும் நிறுத்திடலாம்.'

படித்துக் காட்டி 'சரியா?' என்றால் பதில் 'சரி' என்றுதான் வரும். பெரியவர்களிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளைகள் இவர்கள். அதனால் முதலில் மறுக்கப் பழக்குங்கள். பச்சை அட்டை, சிவப்பு அட்டை இரண்டைக் கையில் கொடுத்து, 'இப்ப உனக்குப் பாகற்காய் பொரியல் வேணுமா?' என்று கேளுங்கள். சிவப்பைத் தூக்கிச் சிரிப்பார்கள். இன்னும் இரண்டு விளையாட்டுக் கேள்வி. அதன்பிறகு உங்கள் கேள்வி. கூடவே 'நான் என்ன செய்யப்போறேன்னு நீ சொல்லு பாக்கலாம்' என்று அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள்.

தலையைக் குனிந்து நிற்பது, ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பது, கையைப் பின்னால் மறைப்பது எல்லாம் சிவப்பு அட்டைதான். முப்பது பேர் வகுப்பில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் பெருமைப்படாதீர்கள். கேட்ட விதத்தில் ஏதோ கோளாறு.

பேசும் இடம்: பள்ளி வராந்தாவின் கோடி. மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. பூட்டிய அறை, ஆய்வுக் குழுவின் ஜீப் இரண்டும் ஆகாது. நோட்டு, பென்சில் கொடுப்பதாக இருந்தால் மறுத்தவருக்கும் சேர்த்து எல்லோருக்கும், வேலை முடிந்தபின். பெற்றோருக்குப் போக்குவரத்துச் செலவு, கைச்செலவு தரலாம். அதற்கு மேல் பணம் கூடாது.

படி 6: குழந்தை ஏதாவது சொல்லிவிட்டால்

ஆய்வு உயரம், எடை பற்றியதாகவே இருக்கலாம். பரிவாகக் காது கொடுக்கும் பெரியவர் ஒருவர் கிடைத்ததும் குழந்தை வேறொன்றைச் சொல்லிவிடும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்சினாலோ, எவரும் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தாக வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு நிற்காது. பதினாறு வயதுப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள், கல்யாணமும் ஆகிவிட்டது என்று வீடு வீடாகப் போகும்போது தெரிய வந்தாலும் இதே கடமைதான். ஊர் வழக்கம் வேறாக இருக்கலாம், சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மனசுக்குச் சங்கடமான இடம் இது. அதனால்தான் கமிட்டியிடம் முன்கூட்டியே பேசி, என்ன கேட்கப் போகிறோம், எதைத் தேவையில்லாமல் கேட்கக் கூடாது என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

ஆகவே இசைவுப் பேச்சில் இந்த வரி இருக்க வேண்டும்: 'நீ சொல்றதை டீச்சர்கிட்டயோ வீட்லயோ சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உனக்குக் கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா, உன்னைப் பாதுகாக்கறவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்.'

சொல்லிவிட்டால் செய்ய வேண்டியது: ஒலிப்பதிவை நிறுத்துங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். 'யார், எத்தனை தடவை' என்று துருவாதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, நாள், நேரத்தோடு எழுதுங்கள். 'சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்லை' என்று மட்டும் சொல்லுங்கள். அன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்கும் காவல் துறைக்கும் தெரிவியுங்கள். உண்மையா என்று பார்க்க வீட்டுக்கோ பள்ளிக்கோ போகாதீர்கள். குற்றம் செய்தவர் அங்கேயே இருக்கலாம். பிறகு கமிட்டிக்கு அறிக்கை. அந்தக் குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

படி 7: ரத்தம் எடுத்தால்

குழந்தை உடலில் கிலோவுக்கு ஏறக்குறைய 80 மில்லி ரத்தம். ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒரே வேளையில் அதில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், நான்கு வாரத்தில் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 12 கிலோ குழந்தைக்கு மொத்தம் சுமார் 960 மில்லி. ஒரு வேளைக்கு 9.6 மில்லிதான் எல்லை. ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இதிலும் குறைவாக. இரண்டு குத்தலில் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஊட்டியில் காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும், சொட்டு வராது. பிழிந்து எடுத்தால் திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துத் துடைத்தபின் குத்துங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கூடலூர் சுமார் 1,000 மீட்டர். உயரத்துக்கேற்ப ஹீமோகுளோபின் வரம்பைத் திருத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திருத்தாமல் விட்டால் ஊட்டியில் ரத்தசோகை உள்ள பிள்ளையை 'நன்றாக இருக்கிறது' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அரிவாள் செல் முடிவைப் பெற்றோரிடம் தனியாக, ஆலோசகரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வகுப்பில் பெயர் படித்தால் அந்தப் பெயர் கல்யாணப் பேச்சு வரை துரத்தும்.

படி 8: தரவு

தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையின் தரவுக்குச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகள் தொடர்பான மீறலுக்கு 200 கோடி ரூபாய் வரை தண்டம். ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் அதில் சாய்ந்துகொண்டு அசட்டையாக இருக்காதீர்கள். பெயர் ஒரு கோப்பில், பதில் இன்னொன்றில், இரண்டையும் இணைக்கும் எண் மூன்றாவது இடத்தில் பூட்டி.

சிறிய சமூகம் என்பதால் பெயரை நீக்கினாலே போதாது. கோத்தர் ஊர்கள் மொத்தம் ஏழுதான். 'கோத்தகிரி வட்டம், கோத்தர், 15 வயது, பெண், தந்தை இல்லை' என்று ஒரு வரி எழுதினால் ஊர்க்காரர்கள் யாரென்று சொல்லிவிடுவார்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் வட்டத்தைச் சேர்த்து, வயதை வரம்பாக்கி, கட்டங்களைக் கலந்துவிடுங்கள். கைபேசிப் படத்தில் இடக்குறிப்பு பதிவாகும், முன்பே அணைத்துவிடுங்கள். விஷயம் பெரும்பாலும் கசிவது களப் பணியாளர்களின் வாட்ஸப் குழுவில், 'இன்னிக்கு முடிச்சாச்சு' என்று போடும் குழுப் படத்தில்தான். அந்தக் குழுவை முதல் நாளே தடை செய்யுங்கள். களப் பணியாளர் அதே ஊர்க்காரர் என்றால் அவர் பக்கத்து வீட்டுக்காரரும்கூட. ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிவிட்டு, அவர் சொந்த ஊர்ப் பிள்ளைகளிடம் வேறொருவரை அனுப்புங்கள்.

முடிவுகளை ஊருக்குத் திருப்பிச் சொல்லும் நாளையும் அதற்கான செலவையும் திட்டத்திலேயே எழுதிவையுங்கள். நீண்ட நாள் ஆய்வு என்றால், 18 நிறையும் பிள்ளைகளின் பட்டியலை மாதத்துக்கொரு முறை எடுத்துப் பாருங்கள். நிறைந்ததும் அவர்களிடம் புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டும். மறுத்தால் அதன்பிறகு அவர்களைத் தொடரக் கூடாது. முன்பு எடுத்த மாதிரியையும் தரவையும் என்ன செய்வது என்பதை முதல் விவரத்தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.